உப்புக்காற்றில் ஓடும் வாகனம்: வயரிங் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

திருகோணமலையில் ஓடும் வாகனங்களில் வயரிங் கோளாறு பெரும்பாலும் வயரின் நடுவில் வருவதில்லை. வயர் முடிகிற இடத்தில்தான் வருகிறது: ரெர்மினலில், சொக்கற்றில், எர்த் போல்ற்றில் (கரண்ட் பற்றரிக்குத் திரும்ப, வயரை வாகனத்தின் இரும்பு உடலோடு சேர்க்கும் போல்ற்). உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி இரவெல்லாம் நிற்கும் வாகனம் என்றால் முதல் சந்தேகமே அங்கேதான் போக வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் உப்புத் துமி பொனற்றுக்குள்ளேயே வந்து படிகிறது. பிறகு கச்சான் காற்றின் சூட்டில் ரப்பர் மூடிகள் காய்ந்து வெடிக்கின்றன. அடுத்த மாரிக்கு அந்த வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே இறங்குகிறது.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் எல்லோரும் பழைய வாகனத்தையே பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். அதனால் இப்போது வேலைக்கு வருகிற வாகனங்களின் வயரிங்குக்கும் நல்ல வயது. புதுப் பற்றரி போட்டிருப்பார்கள், ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்ரனேற்றரும் மாற்றியிருப்பார்கள், கோளாறு மட்டும் போயிருக்காது. காசை இறைத்துவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்க்க மனம் கேட்பதில்லை. அதனால்தான் கீழே எல்லாவற்றையும் செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர், இரண்டு வயர் ஒட்டிய 12 வோல்ற் 21 வாற் சிக்னல் பல்ப், 10 மில்லிமீற்றர் ஸ்பானர், அரத்தாள், தடித்த ஜம்பர் கேபிள்.

தொடக்கூடாதவை இரண்டு. ஹைபிரிட் வாகனத்தில் செம்மஞ்சள் உறை போட்ட கேபிள் எதையும் தொட வேண்டாம். டொயோட்டா அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற், பிரியஸில் அது 200 வோல்ற் அளவு. ஆளைக் கொல்லும். அடுத்தது, ஸ்ரியரிங்கின் அடியிலும் சீற்றின் அடியிலும் இருக்கும் மஞ்சள் நிற சொக்கற்றுகள். அவை எயர்பேக்குக்குப் போகிறவை, அவற்றில் மீற்றர் முள்ளை வைக்கவே கூடாது.

## அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் ஸ்ராட் ஆகவில்லை

'டிக் டிக் டிக்' என்று தொடர்ந்து கேட்கிறது, டாஷ்போர்ட் லைற் மங்குகிறது

முதலில் பற்றரி ரெர்மினலைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அசைந்தால் கோளாறு அதுதான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், மைனஸை முதலில் கழற்றி, பிறகு பிளஸைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு அரத்தாளால் உரசி, பிளஸை முதலில் பூட்டி, மைனஸைக் கடைசியாகப் பூட்டுங்கள். இறுக்கிய பிறகு மேலே வஸலின் தடவினால் போதும்.

அதுவும் சரி என்றால் வோல்ற் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வாகனத்தில், எதையும் போடாமல், 12.6 காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது, சார்ஜ் போட வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் ஸ்ராட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுகிறதா? அப்போதுதான் பற்றரியை மாற்றுவது நியாயம்.

ஒரே ஒரு 'டக்' சத்தம், லைற் எல்லாம் பளிச்சென்று எரிகிறது

எஞ்சினையும் பொடியையும் (வாகனத்தின் இரும்பு உடல்) இணைக்கும் எர்த் பட்டியைச் சந்தேகியுங்கள். சோதனை மிகச் சுலபம். ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினின் பெயின்ற் இல்லாத இரும்பிலும் கவ்வி வைத்து ஸ்ராட் அடியுங்கள். சுற்றினால் பட்டிதான் போயிருக்கிறது. புதுப் பட்டிக்கு ஆகிற செலவு மிகக் குறைவு. சுற்றவில்லை என்றால் பிளஸ் கேபிள். ஒருவரை ஸ்ராட் அடிக்கச் சொல்லி, மீற்றரின் ஒரு முள்ளைப் பற்றரி பிளஸிலும் மற்றதை ஸ்ராட்டர் போல்ற்றிலும் வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் கேபிளின் ஏதோ ஒரு முனை அரித்திருக்கிறது. இரண்டும் நல்லது என்றால் ஸ்ராட்டர் மோட்டரைக் கழற்ற வேண்டும். அது கராஜ் வேலை.

ஒரு சத்தமும் இல்லை

ஓட்டோ கியர் வாகனமானால் கியர் பி-யில் (பார்க்) சரியாக விழுந்திருக்கிறதா, என்-இல் (நியூட்ரல்) வைத்தால் ஸ்ராட் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்ராட்டர் ரிலேயை (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச்) கழற்றி, அதே இலக்கம் போட்ட ஹோர்ன் ரிலேயை அந்த இடத்தில் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மெயின் பியூஸ், சாவி சுவிச் என்று போகும். சாவியில் இமொபிலைசர் (வேறு சாவியால் ஸ்ராட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வாகனமானால் அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: லைற் மங்கல், அல்லது ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது

இங்கே அதிகம் வருவது இதுதான். மீன் ஏற்றும் சின்ன லொறிகளில் சொல்லவே வேண்டாம். ஐஸ் கரைந்த உப்புநீர் பின்பலகை வழியாக வடிந்து நேரே பின் லைற் வயரில் விழுகிறது. "தம்பி, பிரேக் மிதிச்சா சிக்னலும் சேர்ந்து எரியுது, சுவிச் போச்சுப் போல" என்று வந்து நிற்பார்கள். "சுவிச்சில கை வைக்க வேண்டாம் அண்ணை, முதல்ல பின் லைற்றக் கழட்டிப் பார்ப்பம்" என்பதுதான் எப்போதும் என் பதில்.

பிரேக்கும் சிக்னலும் பார்க் லைற்றும் ஒரே எர்த் வயரில் முடிகின்றன. அந்த வயர் போகும் போல்ற்றில் கறள் பிடித்தால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்ப்பின் வழியாகப் போகிறது. மங்கலாக எரிவதும் மாறி எரிவதும் அதனால்தான்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல்

பல்ப்பைக் கழற்றுங்கள். ஹோல்டரின் அடியில் பச்சைக் களிம்பு இருந்தால் சுரண்டித் துடைத்துப் பூட்டுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே முடியும். முடியாவிட்டால் லைற்றை எரியவிட்டபடியே மீற்றரை டீசி வோல்ற்றில் வைத்து, ஒரு முள்ளை பல்ப்பின் எர்த் ரெர்மினலிலும் மற்றதைப் பற்றரியின் மைனஸிலும் வையுங்கள். 0.2க்குள் இருந்தால் எர்த் நல்லது. அரை வோல்ற்றைத் தாண்டினால் எர்த் கெட்டுவிட்டது, வேறு இடம் தேட வேண்டியதில்லை.

லைற்றை எரியவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மீற்றரை ஓமில் (தடை அளக்கும் இடத்தில்) வைத்துப் பார்த்துவிட்டு எர்த் நல்லது என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். வயருக்குள் இருபது இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஓம் மீற்றர் பூச்சியம்தான் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் அந்த ஒற்றை இழையின் குட்டு வெளிப்படும்.

எர்த் போல்ற்றைத் திருத்துவது இப்படி. முழுதாகக் கழற்றுங்கள். வளையத்தின் இரண்டு பக்கத்தையும் அது அமரும் தகட்டையும் வெள்ளி போல மின்னும்வரை அரத்தாளால் உரசுங்கள். பிறகு வளையத்தை ஒட்டி வயர் உறையை ஒரு விரல் நீளம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு செம்பாகவே இருந்தால் பூட்டலாம். கறுத்து, பச்சைத் தூள் உதிர்ந்தால் உப்பு உறைக்குள்ளே ஏறிவிட்டது என்று அர்த்தம். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில வேளை ஒரு சாண் தூரம் போகும். பூட்டி இறுக்கிய பிறகு வெளியே கிரீஸ் பூசுங்கள்.

டொயோட்டா வாகனங்களில் எர்த் வயர் பெரும்பாலும் வெள்ளையில் கறுப்புக் கோடு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் போல்ற்றுக்குக் கொண்டுபோய் விடும்.

இரண்டு ஹெட் லைற்றும் மங்கல், சுவிச் சூடாகிறது

100 வாற் பல்ப் போட்டிருக்கிறீர்களா? வாகனத்தோடு வந்த எச்4 பல்ப் 60/55 வாற். ஒரு பல்ப்புக்கு ஏறக்குறைய 5 அம்பியர். 100 வாற் போட்டால் 8 அம்பியரைத் தாண்டும். பழைய வயர் தாங்காது, சுவிச்சின் பிளாஸ்ரிக் உருகும். ஹபரணைப் பாதையில் இரவில் யானைக்குப் பயந்து பெரிய பல்ப் போடுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் பழைய பல்ப்புக்கே ரிலே போட்டு, பற்றரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும். ரிலே வயரிங் செய்து பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். சிறிய வேலைதான்.

பழைய மொரிஸ் மைனர் போன்ற கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

அதில் இரண்டே பியூஸ். பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். மேலே சொன்ன சோதனையில் மைனஸ் என்ற இடத்தில் பிளஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் காலத்து எல்ஈடி பல்ப்பையோ ரேடியோவையோ முனை பார்க்காமல் பூட்டினால் அந்த நிமிடமே போய்விடும்.

## அறிகுறி 3: இரவு நிறுத்தினால் காலையில் பற்றரி இறங்கிக் கிடக்கிறது

முதலில் கண்ணால் பாருங்கள். டிக்கி லைற், டாஷ்போர்ட் பெட்டி லைற் அணையாமல் நிற்கிறதா? போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது பிற்பாடு வாங்கிப் பூட்டியவை: ரேடியோ செற், அம்ப்ளிபயர், ரிவேர்ஸ் கமரா, ட்ராக்கர். சாவியோடு அணைய வேண்டியதை நேரே பற்றரியில் கொடுத்திருப்பார்கள். ஒன்றொன்றாகக் கழற்றி ஒவ்வோர் இரவு விட்டுப் பார்ப்பது மலிவான வழி.

மீற்றரால் பார்ப்பதானால் பற்றரி மைனஸைக் கழற்றி, 10 அம்பியர் துவாரத்தில் முள்ளைச் செருகி, கழற்றிய கேபிளுக்கும் பற்றரிக்கும் நடுவில் வையுங்கள். சாவி போடவோ கதவு திறக்கவோ வேண்டாம். பொனற்றைத் திறந்துவைத்து அரை மணி நேரம் விடுங்கள், கொம்பியூட்டர்கள் தூங்க நேரம் வேண்டும். அதற்குப் பிறகு 50 மில்லி அம்பியருக்குள் நின்றால் சரி. கூட இருந்தால் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் ஆள் இருக்கிறான். அரை அம்பியர் சின்னதாகத் தோன்றும். ஆனால் 35 அம்பியர்-அவர் பற்றரியிலிருந்து இரண்டே நாளில் அது 24ஐத் தின்றுவிடும்.

எந்தப் பியூஸுக்கும் விழவில்லை என்றால் அல்ரனேற்றரின் டயோட். அதன் பெரிய வயரைக் கழற்றிப் பார்க்கும் வேலையை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

## அறிகுறி 4: ஓடும்போது பற்றரி லைற் எரிகிறது, அல்லது பல்ப் அடிக்கடி போகிறது

பெல்ற் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது, ஹெட் லைற்றைப் போட்டபடி பற்றரியில் அளவெடுங்கள். 13.8 முதல் 14.5 வரை நல்லது. ஹெட் லைற் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிய ஜப்பான் வாகனங்கள் பல, சுமை இல்லாதபோது சார்ஜைத் தாமே குறைத்துவிடும். அதைக் கோளாறு என்று நினைத்து அல்ரனேற்றரைக் கழற்றுகிறார்கள்.

அல்ரனேற்றர் போல்ற்றில் 14.4, பற்றரியில் 13.2 என்றால் நடுவில் கேபிள் அல்லது எர்த் கெட்டிருக்கிறது, அல்ரனேற்றர் நல்லது. இரண்டு இடத்திலும் 13க்குக் கீழே என்றால் அல்ரனேற்றருக்குள் இருக்கும் பிரஷ் அல்லது ரெகுலேற்றர் கெட்டிருக்கிறது. 15ஐத் தாண்டினால் ஓட்ட வேண்டாம். பற்றரி கொதித்து, பல்ப்புகள் போய், கொம்பியூட்டருக்கும் ஆபத்து.

## அறிகுறி 5: பியூஸ் போட்டுப் போட்டு எரிகிறது

பெரிய பியூஸ் போடாதீர்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாளும் வேண்டாம், வயர் இழையும் வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், வயர் எரிந்தால் வாகனமே எரியும். தகட்டுப் பியூஸில் நிறமே அளவு: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். மூடியில் எழுதியிருப்பதையே போடுங்கள்.

போட்ட உடனே எரிகிறது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அந்த 21 வாற் பல்ப்பைக் கொடுங்கள். எங்கோ வயர் பொடியில் உரசினால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். அந்த லைனில் உள்ள பல்ப்புகளையும் பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், வயரை அசையுங்கள். எதை அசைக்கும்போது வெளிச்சம் குறைகிறதோ அங்கேதான் உரசல். முதலில் பார்க்க வேண்டியவை: டிக்கிக் கதவின் ரப்பர்க் குழாய், சாரதி கதவின் மடிப்பு, ஹெட் லைற்றின் பின்புறம். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தரமும் அங்கே வயர் மடிகிறது. ரப்பரை இழுத்துவிட்டுப் பார்த்தால் உறை வெடித்துச் செம்பு தெரியும்.

வைப்பர் அல்லது ஃபேன் ஓடும்போது மட்டும் எரிகிறது. மோட்டர் இறுகியிருக்கிறது. உப்பும் மணலும் ஏறிய வைப்பர் இணைப்பைக் கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டுப் பாருங்கள். ரேடியேற்றர் ஃபேன் என்றால் கராஜுக்குப் போங்கள், பாதையில் எஞ்சின் கொதித்தால் செலவு பல மடங்கு.

எப்போதாவது, நேரம் காலம் இல்லாமல் எரிகிறது. எலி கடித்த வயராக இருக்கலாம். வேப்ப மரத்தடியில் நாள்கணக்கில் நின்ற வாகனமென்றால் பொனற்றுக்குள் புழுக்கையைத் தேடுங்கள். கடித்த இடத்தைத் திருத்தி, காரம் தடவிய ரேப் சுற்றலாம். ஹொண்டா நிறுவனமே மிளகாயின் காரச்சத்து சேர்ந்த ரேப் ஒன்றை எலிக்கென்று விற்கிறது.

## அறிகுறி 6: மழையில் மட்டும் வரும் கோளாறு

முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்தால் தண்ணீர் வழிந்து உள்ளே பியூஸ் பெட்டிமேல் விழும். சாரதியின் காலடி விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பார்த்தால் தெரியும். அடுத்து பின் லைற் கண்ணாடிக்குள் நீராவி. பிறகு ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து, சந்தேகப்படும் சொக்கற்றில் ஒவ்வொன்றாகத் தெளித்து, எதற்குக் கோளாறு வருகிறது என்று பாருங்கள். நல்ல தண்ணீர் போதும்.

வெள்ளத்தில் நின்ற வாகனம். மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் ஏறும் நாட்களில் இது வரும். தண்ணீர் சீற் மட்டத்துக்கு வந்திருந்தால் சாவியைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். சாதாரண வாகனம் என்றால் பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஹைபிரிட் என்றால் அதையும் தொடாமல் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். கடல்நீர் புகுந்த சொக்கற்றுகளை உடனே நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தாவிட்டால் சில நாளிலேயே பச்சை பிடித்துவிடும்.

## அறிகுறி 7: டாஷ்போர்ட்டில் பல எச்சரிக்கை லைற்றுகள் ஒன்றாக

ஏபிஎஸ், ஸ்ரியரிங், எஞ்சின் எல்லாம் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. பற்றரி வோல்ற், ரெர்மினல், எஞ்சின் எர்த் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் கொம்பியூட்டர்கள் தமக்குள் பேசும் கேன் லைன். பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை, இன்று ஏறக்குறைய எல்லாக் காரிலும் இருக்கிறது. முறுக்கிய இரண்டு மெல்லிய வயர். பற்றரியைக் கழற்றிவிட்டு ஸ்கான் மெஷின் பூட்டும் சொக்கற்றின் 6ஆம், 14ஆம் முள்ளுக்கு நடுவில் ஓம் பார்த்தால் பல வாகனங்களில் 60 அளவு வர வேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூச்சியம் என்றால் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. இதற்கு மேல் நீங்கள் போக வேண்டாம். ரெஸ்ற் பல்ப்பை அந்த வயர்களில் வைத்தால் கொம்பியூட்டரே போகலாம். எடுத்த எண்ணை எழுதிக்கொண்டு, ஸ்கான் மெஷின் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனிடம் போங்கள்.

## அறிகுறி 8: எரிந்த பிளாஸ்ரிக் மணம், புகை

சோதனை எதுவும் செய்யாதீர்கள். ஓரங்கட்டி, சாவியை எடுத்து, எல்லோரையும் இறக்குங்கள். பொனற்றுக்குள் புகை இல்லை என்றால் மட்டும் மைனஸைக் கழற்றுங்கள். 10 மில்லிமீற்றர் ஸ்பானரை டிக்கியில் வைக்காமல் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வாகனத்தை மறுபடி ஓட்டிக் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டாம், எலக்ட்ரீசியன் வாகனத்திடம் வரட்டும்.

## வெட்டிய வயரை ஒட்டும்போது

மேலே எந்த அறிகுறியானாலும் வேலை கடைசியில் ஒரு ஒட்டில்தான் முடியும். வெறுமனே முறுக்கி ரேப் சுற்றினால் இந்தக் காற்றில் ஒரு மாரி தாங்காது. பசை திரளும், உப்பு உள்ளே போகும். அளவான செம்புக் குழாய் போட்டு, அதற்குரிய குறட்டால் நசுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயை ஏற்றிச் சூடு காட்டுங்கள். இரண்டு பக்கமும் பசை கொஞ்சம் வெளியே பிதுங்கினால்தான் அது மூடிவிட்டது என்று அர்த்தம். ஒட்டு, வயர் தொங்கும் வளைவின் அடியில் வரக்கூடாது, தண்ணீர் வடிந்து நிற்பது அங்கேதான். வளைவுக்கு மேலே வைத்துக் கட்டுங்கள்.